கிளினிக் நாளின் ரொட்டி

என் வீட்டுக்காரருக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, என்று தெரிந்த புதிதில், நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு தில்லுமுல்லு செய்துவந்தோம். பக்கத்து ஊரான கோலா கெத்தில் கிளினிக்கில் ரத்தம் பார்க்கும் நாளுக்கு மூன்று நாள் முன்பே எங்கள் வீட்டில் சோறு நின்றுவிடும். காலையில் ஓட்ஸ், மத்தியானம் பாகற்காய், ராத்திரி ஒற்றைச் சப்பாத்தி. அவருக்கு மட்டும் அதைப் போட்டுவிட்டு நான் சோறு தின்ன மனசு வராது. நானும் அதையே சாப்பிட்டேன். பாகற்காய் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. அந்த மூன்று நாளும் என் வாய்க்குப் பயந்து பூனைகூட வீட்டுக்குள் வராது.

நான்காம் நாள் விடிந்ததும் வெறும் வயிற்றோடு மோட்டார் சைக்கிளில் கிளம்புவோம். அவர் வேலை செய்யும் செம்பனைத் தோட்டத்து மரங்களுக்கு நடுவே பனி இறங்கியிருக்கும். குளிருக்கு அவர் முதுகோடு ஒட்டிக்கொள்வேன். மலாய்க்காரத் தாதி விரலில் குத்திப் பார்த்து “பாகுஸ்” என்று பாராட்டுவார். இவர் பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வருவார்.

அங்கிருந்து நேராக மாமாக் கடை, நம்ம தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடை. ஆளுக்கு இரண்டு பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய், ரொட்டி மூழ்க மூழ்கப் பருப்புக் குழம்பு, நுரை ததும்பும் பால் டீ, எங்கள் வாயில் பால் தே. எல்லாவற்றுக்கும் ஆர்டர் கொடுப்பது நான்தான். பாவம், மூன்று நாள் வாயைக் கட்டியவர், ஆசையாகச் சாப்பிடட்டும் என்று நினைப்பேன். மாமியார், பிள்ளைகள் என்று யாரும் இல்லாமல் நாங்கள் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்து பேசியது அந்த ஓரத்து மேசையில்தான். தோட்டத்துக் கதையெல்லாம் சொல்லிச் சிரிப்பேன். அடுத்த கிளினிக் நாள் எப்போது வரும் என்றுகூட ஏங்கியிருக்கிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் காலைகளை நினைத்தால் இப்போதும் மனசு இனிக்கிறது.

ஒருநாள் வேலை முடிந்து வந்தவர் பூட்ஸைக் கழற்றினார். காலுறையில் ரத்தத்தைப் பார்த்தது நான்தான். கட்டைவிரலில் செம்பனை முள் ஏறியிருந்தது, அவருக்கு உணர்ச்சியே இல்லை. மஞ்சள் வைத்தும் புண் ஆறவில்லை. கிளினிக்கில் புதிதாக வந்திருந்த டாக்டர், நம்ம தமிழ்ப் பிள்ளை ஒருத்தி, அவர் கையிலிருந்து ரத்தம் எடுத்து அனுப்பினாள். முடிவு வந்த அன்று எங்கள் இருவரையும் உட்காரவைத்தாள்.

“அங்கிள், இந்த டெஸ்ட் மூணு மாசமா எப்படி இருந்துச்சுன்னு காட்டும். சீனி ரொம்ப ஏறியிருக்கு லா. இப்படியே போனா விரல எடுக்க வேண்டியதா போயிரும்.”

 அவர் வெளியே வந்து மோட்டாரைக் கிளப்பாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். எனக்கு என்மேலேயே ஆத்திரமாக வந்தது. இத்தனை ரொட்டியையும் வாங்கிக் கொடுத்தவள், மற்ற நாளெல்லாம் தட்டு நிறையச் சோறு போட்டவள் நான். அன்று மாமாக் கடையைத் திரும்பிப் பார்க்காமல் தாண்டினோம்.

வீட்டில் அரிசி அளப்பது பழைய பால் டின்னில். இரண்டு டின் போட்ட பானையில் ஒரு டின் போட்டேன். தட்டில் பாதி கங்கோங் கீரையோ வெண்டைக்காயோ, ஒரு துண்டு மீன், ஓரமாகச் சோறு. கிளினிக் வந்தாலும் வராவிட்டாலும் அதே சாப்பாடு. பால் தே போயே போய்விட்டது. மருந்து தவறவில்லை, புண்ணுக்குக் கட்டு மாற்றுவதும் தவறவில்லை. மாதங்கள் ஓடின. ஒருநாள் டாக்டர் பிள்ளை விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இனி கட்டு வேண்டாம், சீனியும் இறங்கிவிட்டது என்றாள்.

திரும்பும் வழியில் அவர் மாமாக் கடை வாசலில் மோட்டாரை நிறுத்தினார். மறுபடியுமா என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் அதே மேசையில் உட்கார்ந்து, பாலும் சீனியும் இல்லாத தே இரண்டும், இருவருக்குமாக ஒரே ஒரு தோசையும் சொன்னார். இதற்கு எதற்கு மோட்டாரை நிறுத்த வேண்டும், ரொட்டி இல்லாமல் இங்கே என்ன வேலை என்று கேட்டேன்.

“எனக்கு ரொட்டி அவ்வளவா புடிக்காது. மூணு நாளும் மூஞ்சியத் தூக்கி வச்சிருப்ப. இங்க வந்தாத்தான் சிரிப்ப. அதுக்குத்தான் வருவேன்.”

இத்தனை காலமும் அதை வாய் திறந்து சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டு, நான் சிரிப்பேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகைதான் வந்தது. என் சிரிப்புக்காகக் கால்விரலையே விடப் பார்த்த மனிதரை என்ன சொல்லித் திட்டுவது? தோசையைப் பிய்த்து, பெரிய பாதியை நானே எடுத்துக்கொண்டேன்.