சர்க்கரை என்று எழுதிய ஜாடி

பிரிகிதா குலிக் அடுப்பை விட்டுத் திரும்பாமல் கையை மட்டும் பின்னால் நீட்டி, ரவை என்று எழுதிய ஜாடியிலிருந்து சர்க்கரையை அள்ளுகிறாள். அடுத்து, சர்க்கரை என்று எழுதிய ஜாடியிலிருந்து ஒரு சிட்டிகை உப்பு. மாவு என்று எழுதியதில் சட்டைப் பொத்தான்கள் கிடக்கின்றன. மாவோ கதவுக்குப் பின்னால் மூட்டையில். அலமாரியில் வரிசையாக நிற்கும் பீங்கான் ஜாடிகள், நீல எழுத்து, எல்லாம் ஜெர்மன். ஒன்றில்கூட எழுதியிருப்பது உள்ளே இல்லை. புதிதாக உதவிக்கு வருகிறவர்களுக்கு அவள் நடத்தும் பாடம் ஒன்றுதான்: "படிக்காத. கேளு."

போலந்தின் தெற்கே ஓப்போலே நகரைச் சுற்றியுள்ள கிராமங்களில் கல்யாணம் என்றால் முதலில் வீடு வீடாகப் போவது கேக். கசகசா, பாலாடைக்கட்டி, மேலே வெண்ணெய் பிசிறிய மாவு உதிரி. கதவுப் பலகை அகலத்துக்குத் தட்டு. அதைச் சுட்டு, துண்டு போட்டு, இன்ன வீட்டுக்கு இன்ன துண்டு என்று கட்டி அனுப்புவது பிரிகிதாவின் தொழில். நடுத்துண்டு போகவேண்டிய வீட்டுக்கு ஓரத்துண்டு போய்விட்டால் அந்தக் குடும்பம் இரண்டு வருடம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். "நாட்டுக்கு எல்லை போட்டவங்ககூட இவ்வளவு யோசிச்சு வெட்டியிருக்க மாட்டாங்க," என்பாள், கத்தியைத் துடைத்தபடி.

வயது ஐம்பத்தெட்டு. விதவை. தோள் அகலம், முன்கையில் அடுப்புத் தழும்புகள். அடுப்பைத் திட்ட ஜெர்மன், சாமி கும்பிடப் போலிஷ், மற்ற எல்லாவற்றுக்கும் இந்த வட்டாரத்துச் சிலேசியப் பேச்சு. நீ ஜெர்மனா போலிஷா என்று யாராவது கேட்டால், "வேலை இருக்கு, மழைக்காலத்துல வா" என்று அனுப்பிவிடுவாள். மழைக்காலத்திலும் ஒருவர் வந்தார். வெங்காயம் உரிக்க வைத்தாள்.

நான் அவளுடைய பக்கத்து வீடு. என் பெற்றோர் இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் கிழக்கே சோவியத் கைக்குப் போன ஊரில் சொந்த வீட்டை விட்டுவிட்டு ரயிலேறி வந்து இங்கே இறக்கிவிடப்பட்டவர்கள். நாற்பது வருடப் பழக்கத்துக்குப் பிறகும் கோபம் வந்தால் நான் அவளுக்குக் "கிழக்குக்காரி". கோபம் தீர்ந்தால் மிர்கா.

ஜாடிகளின் கதை ஊருக்கே தெரியும். போருக்குப் பின், ஜெர்மனியிடமிருந்த இந்தப் பகுதி போலந்துக்கு வந்ததும், எங்கேயும் ஜெர்மன் எழுத்து இருக்கக் கூடாது என்று ஆணை வந்தது. கல்லறைக் கல், சாம்பல் கிண்ணம், சமையலறை ஜாடி எதற்கும் விலக்கில்லை. பலர் கத்தியால் சுரண்டினார்கள்; அந்த மொட்டை ஜாடிகளை இன்றும் சில வீடுகளில் பார்க்கலாம். பிரிகிதாவின் அம்மா சுரண்டவில்லை. எழுத்து சுவரைப் பார்க்கும்படி திருப்பி வைத்தாள். வந்த அதிகாரி முறைத்தார். "சுவத்துக்குப் படிக்கத் தெரியாதுங்க," என்றாளாம். முதுகு காட்டி நிற்கும் ஜாடிகளில் எது எதுவென்று யார் பார்த்தார்கள்? கைக்கு எது கிட்டவோ அதில் உப்பு. அதற்கு அடுத்ததில் சர்க்கரை. கை பழகிவிட்டது.

கம்யூனிஸ்ட் ஆட்சி மாறிய வருடம் பிரிகிதா அவற்றை முன்பக்கம் திருப்பினாள். அம்மா பயந்துபோய்ச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். மறுநாள் மகள். மறுநாள் அம்மா. ஒரு வாரம் வீட்டில் பேச்சே இல்லை, ஜாடிகள் மட்டும் திரும்பிக்கொண்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமை அம்மா களைத்து, "எப்படியோ போ," என்றாள். எழுத்து வெளியே வந்தது. உள்ளே இருந்தது அப்படியே இருந்தது.

போன நவம்பரில் பிரிகிதாவின் மகன் நோர்பெர்ட் வந்து நின்றான். கட்டிக்கொள்ளப் போகிற பெண் கிங்கா, போலந்தின் நடுவே கீல்ட்சே ஊர்ப் பக்கம். அவளுடைய அப்பா லெஷெக் பர்தோசிக், ஓய்வு பெற்ற ரயில்காரர், முதல்முறையாக வீடு பார்க்க வருகிறார்.

"அம்மா, ஒரே ஒரு மத்தியானம். ஜாடியெல்லாம் சுவத்தைப் பாத்துத் திருப்பி வை."

"நாப்பது வருஷத்துக்கு மேல சுவத்தைப் பாத்துது. இன்னும் அதுல என்னடா பாக்க மிச்சம் இருக்கு?"

"அவர் ஜெர்மன் எழுத்தைக் கண்டா எழுந்து போயிடுவார்மா. அண்ணன் பொண்ணு நிச்சயத்துலயே அப்படிப் போனவர். அப்பா வராத கல்யாணம் வேணாம்னு கிங்கா சொல்லிட்டா."

"அப்ப அவரை அலமாரிக்கு முதுகு காட்டி உக்கார வை."

"விளையாடாதம்மா."

"நானா விளையாடறேன்? எங்கம்மா பயந்து திருப்பினா. நானும் திருப்பினா அவ பயந்தது சரின்னு ஆயிடும். இடி விழ, மாட்டேன்."

அவளுக்குக் கிங்காவைப் பிடிக்கும். முதல்முறை வந்தபோது ஓரத்துண்டைக் கேட்டு வாங்கித் தின்ற பெண். "மொறுமொறுன்னு இருக்கறதே ஓரம்தான்" என்றாளாம். அதை பிரிகிதா என்னிடம் மூன்று தடவை சொல்லியிருக்கிறாள்.

அவர்கள் வரும் நாள் நான் கூட இருந்தேன். மேஜைத் துணியை விரித்தாள், எடுத்தாள், வேறு விரித்தாள். வாசலில் கார் நின்ற சத்தம் கேட்டபோது அவள் கை அலமாரியில் ஒரு ஜாடியின் மேல் இருந்தது. திருப்பப் போகிறாள் என்றே நினைத்தேன். இடுப்பில் கட்டியிருந்த துணியால் தூசி துடைத்துவிட்டு வாசலுக்குப் போனாள்.

லெஷெக் நெட்டையான மனிதர், நரைத்த மீசை. அவரும் அடுப்படியில்தான் உட்கார வைக்கப்பட்டார்; அந்த வீட்டில் பிஷப் வந்தாலும் அடுப்படிதான்.

"கோட்டைக் கழட்டுங்க சம்பந்தி."

"இருக்கட்டும். இன்னும் சம்பந்தி ஆகலை."

பிறகு நிமிர்ந்து அலமாரியைப் பார்த்தார். கிங்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"நான் போலந்துலதான இருக்கேன்?" என்றார்.

"என் வீட்டுல இருக்கீங்க. இந்தக் கூரை எத்தனையோ கொடியைப் பாத்திருக்கு. ஒருத்தனும் ஒழுகலை அடைச்சுக் குடுக்கலை."

"போர்ல எங்கப்பாவைப் பதினாறு வயசுல ஜெர்மன்காரங்க பிடிச்சுட்டுப் போனாங்கம்மா. ஜெர்மனியில, பவேரியாவுல ஒரு பண்ணையில அடிமை வேலை. நாலு வருஷம் பன்னிக்குக் காய்ச்சினதுல மிச்சம்தான் சாப்பாடு. போலந்துக்காரன்னு தெரியச் சட்டையில அடையாளம். அந்த எழுத்தைப் பாத்துக்கிட்டு எனக்கு உள்ள எறங்காது."

குரல் உயரவில்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. பிரிகிதா கொதிக்கும் தண்ணீரைக் காப்பித் தூள் போட்ட கண்ணாடித் தம்ளர்களில் ஊற்றி முடித்தாள்.

"எங்க தாத்தா ரோட்டோரச் சிலுவைகிட்ட போலிஷ்ல ஜெபமாலை சொன்னார்னு ஜெர்மன்காரங்க முன்பல்லை உடைச்சாங்க. போர் முடிஞ்சதும், பக்கத்து வீட்டுக்காரருக்கு ஜெர்மன்ல காலை வணக்கம் சொன்னார்னு மிச்சப் பல்லை உங்க ஆளுங்க உடைச்சாங்க. அப்புறம் சாகறவரைக்கும் புளிச்சமாவுக் கஞ்சிதான். நான் யார் எழுத்துக்கும் காவல் நிக்கலை. என் வீட்டுச் சாமானை எப்படி வைக்கணும்னு இன்னொருத்தர் சொல்றதைக் கேக்க மாட்டேன், அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு, வழக்கம்போல, சர்க்கரை இருக்கும் ஜாடியை அவர் முன்னால் வைத்தாள். அதாவது, ரவை என்று எழுதிய ஜாடியை.

லெஷெக் அந்த எழுத்தைப் படித்தார். அவர் முகம் சிவந்தது. காப்பிக்கு ரவையா, கேலியா என்று நினைத்திருக்க வேண்டும். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். போகிறார் என்று நோர்பெர்ட்டும் எழுந்துவிட்டான். அவர் வாசலுக்குப் போகவில்லை. நேரே அலமாரிக்குப் போய், சர்க்கரை என்று எழுதிய ஜாடியைத் தானே எடுத்து வந்தார்.

"இந்த வார்த்தை எனக்குத் தெரியும். எங்கப்பா சொல்லிக் குடுத்தது. அந்தப் பண்ணைக்காரி அலமாரியிலயும் இது இருந்துதாம். நாலு வருஷத்துல ஒரு கரண்டி அவருக்குக் கெடைக்கலை."

"ஐயா, அது வந்து..." என்றான் நோர்பெர்ட்.

"எனக்குப் படிக்கத் தெரியும் தம்பி."

குவியலாக மூன்று கரண்டி உப்பு. அவர் நிதானமாகக் கலக்கினார். குடித்தார்.

மீசை ஒருமுறை துடித்தது. கண்ணில் நீர் கோத்தது. துப்புவதற்குத் தொட்டி இரண்டடி தூரம். அவர் அப்படியே விழுங்கினார்.

"அப்பா? என்னப்பா?" என்றாள் கிங்கா.

"ஒண்ணுமில்லை. நல்லாத்தான் இருக்கு." இன்னொரு வாய் குடித்தார். பிறகு இன்னொன்று. அவர் யாரையும் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரில் எங்கேயோ பார்த்துக் குடித்தார்.

நோர்பெர்ட் அம்மாவைப் பார்த்தான். நானும் பார்த்தேன். பிரிகிதா சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பாள், இனி ஊர் முழுக்கச் சொல்லுவாள் என்று எண்ணினேன். அவள் சிரிக்கவில்லை. அந்த ஜாடியைத் தன் பக்கம் இழுத்தாள். தன் தம்ளரில் ஒன்று, இரண்டு, மூன்று, அவர் போட்ட அதே குவியல். அவர் கலக்கிய அதே நிதானத்தில் கலக்கினாள். அவர் கண்ணைப் பார்த்தபடி, அடியில் தூள் தெரியும்வரை ஒரே மூச்சில் குடித்தாள்.

லெஷெக் அவளுடைய காலித் தம்ளரைப் பார்த்தார். ஜாடியைப் பார்த்தார். விரலை நனைத்து அதன் வாயோரத்தைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டார், உறுதி செய்துகொள்வதுபோல. பிறகு தம்முடைய தம்ளரில் மிச்சமிருந்ததையும் முடித்துவிட்டு, கோட்டின் மேல் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார்.

பிரிகிதா கோட்டை வாங்கி ஆணியில் மாட்டினாள். திரும்பி வந்து ஜாடியை எடுத்து, இடுப்புத் துணியால் ஒருதரம் துடைத்து, எழுத்து நேராக அவரைப் பார்க்கும்படி அதன் இடத்தில் வைத்தாள்.