பங்களா வளைவில் ஒரு சைக்கிள்

ஈப்போவில், என் வீட்டு வாசலில் என் கார் வெயிலில் காய்கிறது. கொட்டகை, என் அக்கா கணவரின் தகப்பனார் ஓட்டிய கறுப்புச் சைக்கிளுக்கு. அதன் மணி இன்னும் ஒழுங்காக வேலை செய்கிறது; அந்த வகையில் நான் பணியாற்றிய பல குழுக்களைவிட அது மேல்.

அக்கா கணவரை நான் மச்சான் என்றுதான் அழைப்பேன். கோலா கங்சாருக்கு வெளியே ஒரு ரப்பர்த் தோட்டத்தின் தொழிலாளர் லயத்தில் பிறந்து, பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கிய விரிவுரையாளர் ஆனவர். வெள்ளைக்காரத் துரைமார் மலாயாவைப் பற்றி எழுதிய நாவல்களை, ஆளப்பட்டவர்களின் பக்கமிருந்து படிப்பது அவருடைய ஆய்வு. எழுபதுகளில் அந்தப் படிப்புக்கு இங்கே ஒரு பெயர்கூட நிலைக்கவில்லை. “இது இலக்கியமா, தொழிற்சங்கமா?” என்று துறையில் கேட்டார்கள். துரை பங்களாவைக் கடக்கும்போது தமிழன் சைக்கிளிலிருந்து இறங்குவதை அந்த நாவல்கள் பிறவிப் பணிவு என்றன. இறங்காதவனுக்கு மறுநாள் வேலை கிடையாது என்று மச்சான் ஓர் அத்தியாயமே எழுதினார். சான்று, அவருடைய அப்பாவின் வாய்ச்சொல்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் இணைப் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்தபோது, இங்கிலாந்திலிருந்து வந்த மதிப்பீட்டாளர் அந்த அத்தியாயத்தைத்தான் பிடித்துக்கொண்டார். எழுத்துச் சான்று எங்கே என்றார். அதே பல்கலைக்கழகத்தின் பதிவகத்தில் வேலை பார்த்த எனக்கு இந்த விதிகளெல்லாம் மனப்பாடம்.

“அத எடுத்துருங்க மச்சான். பதவி வரட்டும், பெறகு போட்டுக்கலாம்லா.”

“அத எடுத்துட்டா, மிச்சம் அவங்க எழுதுனதுதான் இருக்கும்.”

விதிப்படி என் யோசனை சரி. இன்றைக்கும் சரி.

மதிப்பீட்டாளரை மச்சான் தாம் பிறந்த தோட்டத்துக்கே அழைத்துப் போனார். காரை ஓட்டியது நான். துரைமார் போய் வெகுகாலமாகி, பங்களாவில் உள்ளூர் மேனேஜர் குடியிருந்தார். அதன் வாசலில் நாங்கள் நின்றிருந்தபோது, வளைவில் மச்சானின் அப்பா சைக்கிளில் வந்தார். வெள்ளை முகத்தைக் கண்டதும் இறங்கி ஓரமாக நின்றார். யாரும் சொல்லிவைக்கவில்லை. மச்சானின் முகம் சுருங்கியது.

“அப்பா, அவரு துரை இல்ல. எனக்குப் பதவி குடுக்கலாமான்னு பாக்க வந்தவரு.”

“அப்பக் கட்டாயம் எறங்கணும்லா!”

மச்சான் சிரித்துவிட்டார். பெரியவர் என்ன சொன்னார் என்று மதிப்பீட்டாளர் கேட்டதும், ஒரு சொல் குறைக்காமல் மொழிபெயர்த்தார். பதவி போயிற்று என்று நான் முடிவு கட்டினேன். திரும்பும் வழியெல்லாம் மதிப்பீட்டாளர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே வந்தார். அவருடைய அறிக்கையோ அந்த அத்தியாயம் இருந்தே ஆகவேண்டும் என்றது. பதவி வந்தது, பின்னாளில் பேராசிரியர் பட்டமும்.

மச்சானின் அப்பா இன்று இல்லை. பங்களா, இப்போது தங்கும் விடுதி. போன மாதம், எழுபதைத் தாண்டிய மச்சான், சைக்கிளை என் காரில் ஏற்றவைத்து அங்கே கொண்டுபோனார். வளைவில் சைக்கிளில் ஏறி, விடாமல் மணியடித்தபடி பங்களா வாசலைக் கடந்தார். காவலாளி எட்டிப் பார்த்தான்.

“எறங்கலையா மச்சான்?” என்று கத்தினேன்.

“மூட்டு வலிலா. எறங்குனா மறுபடி ஏற முடியாது!”