ஸ்பீக்கரில் வைத்த விரல்கள்

தொண்ணூறுகளின் பிற்பகுதியில், கார் பந்தய கேம் ஆடுவதற்கென்றே ஒரு சவுண்ட் கார்டு வாங்கினேன். பொருத்தியதிலிருந்து பாதி ஆட்டத்தில் கம்ப்யூட்டர் நின்றுவிடும். தி.நகர் கடையில் புகார் சொன்னதும், மயிலாப்பூரிலிருந்த எங்கள் வீட்டுக்கு ஒருவரை அனுப்பினார்கள். வந்தவருக்குக் காது கேட்காது. அவர் எதிரிலேயே கடைக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

"சவுண்ட் கார்டு பாக்க காது கேக்காத ஆளையா அனுப்புவீங்க?"

"கொஞ்சம் பொறுங்க சார். எங்க கடையில அவர்தான் பெஸ்ட்," என்றார் கடைக்காரர்.

பிரிண்டரும் கார்டும், ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாக இருக்கவேண்டிய ஐ.ஆர்.க்யூ. எண்ணில் ஒரே எண்ணுக்கு மோதிக்கொண்டதைக் கண்டுபிடித்து, பத்தே நிமிடத்தில் அவர் மாற்றிவிட்டார். கேம் தடங்கலில்லாமல் ஓடியது. ஆனாலும் அவர் கிளம்பவில்லை. இரண்டு ஸ்பீக்கர்களிலும் விரல்களை வைத்துக்கொண்டு திரையையே பார்த்தார். பிறகு ஒரு தாளில் எழுதிக் காட்டினார்: "கார் இடது பக்கம் வருது. வலது ஸ்பீக்கர் அதிருது. மாத்தி வெச்சிருக்கீங்க."

ஒரு வாரமாக இரண்டு காதுகளாலும் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அது தெரியவேயில்லை. வெட்கத்தோடு, "மன்னிச்சிடுங்க" என்று அதே தாளில் எழுதினேன்.

அவர் சிரித்தபடி பேனாவை வாங்கினார். "போன்ல நீங்க பேசினது உதட்டப் பாத்தே தெரிஞ்சுது சார். பரவாயில்ல."

அது தெரிந்த பிறகும்தான், யாரும் பார்க்கச் சொல்லாத ஸ்பீக்கரையும் சேர்த்துச் சரிபார்த்திருக்கிறார். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் பாதியிலேயே எழுந்து போயிருப்பேன்.