நிழலுக்குச் செடி கேட்ட லிஃப்ட்காரர்

என் அக்கா வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் யார் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டாலும் முதலில் கடவுளைக் கூப்பிடுவார்கள், அடுத்து இவரை. கடவுள் போனை எடுப்பதில்லை என்பதால் இவர் ஓட வேண்டியிருக்கிறது. தட்டில் கை வைத்தால் போன் அடிக்கும். தலையில் சோப்புப் போட்டால் அடிக்கும். அவர்களுடைய கல்யாண ஃபோட்டோவிலேயே மாப்பிள்ளையின் ஒரு கை காதோரம்தான் இருக்கிறது. நான் அவருக்குக் கொழுந்தியாள், அதே வீட்டு மாடியில் குடியிருந்து துணி தைப்பவள். ஆகவே மாமாவைக் கிண்டல் செய்ய எனக்கு உரிமையும் உண்டு, நேரமும் உண்டு.

அப்படிப்பட்டவர் தலையில் அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை இடியை இறக்கினாள்.

"ஏங்க, நாம ஃப்ளாட்டுக்குப் போயிடலாம். ஏழாவது மாடி. ஜன்னலைத் திறந்தா வானம். லிஃப்ட் எல்லாம் இருக்கு."

மாமாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "லிஃப்ட் இருக்கிற கட்டடத்துலயா? கரண்ட் போனா நம்ம கதவைத்தான் தட்டுவாங்க! நான் உனக்குப் புருஷனா, அந்த லிஃப்டுக்கா?"

அக்கா படுக்கையறை ஜன்னலைத் திறந்து காட்டினாள். வெளியே எங்கள் சந்து. வீட்டுச் சுவருக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே ஒருவர் கை வீசி நடக்கிற அகலம். சூரியன் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. உடைந்த வாஷ்பேசின், கல்லாகிப் போன சிமென்ட் மூட்டை, இரண்டுக்கும் நடுவே குடும்பத்தோடு கொசுக்கள். மருந்துக் கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வரும் அக்கா, கட்டிலில் சாய்ந்தால் கண்ணில் படுவது இதுதான்.

"பில்டருக்கு மாசக் கடைசியில பதில் சொல்றேன்னு சொல்லியிருக்கேன். அதுக்குள்ள இதைப் பாக்கற மாதிரி ஆக்கிக் காட்டுங்க. ஆனா ஒரு சொம்புத் தண்ணிகூட நான் ஊத்த மாட்டேன், என் காலுக்குத் தெம்பு இல்ல. உங்களை நம்பி வெச்சாலும் செடி செத்துடும். மெயின்டனன்ஸே இருக்கக் கூடாது."

மெயின்டனன்ஸிலேயே சோறு தின்னும் மனிதரிடம் கேட்கிற கேள்வியா இது! நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை. ஏழாவது மாடியும், லுங்கியோடு லிஃப்ட் அறைக்கு ஓடும் தன் உருவமும் அவர் கண்முன்னே வந்துவிட்டன.

மறுநாளே நர்சரிக்குப் போன் போட்டார். எங்கிருந்து? ஒரு லிஃப்டின் தலைமேல் உட்கார்ந்துகொண்டு, கிரீஸ் கையோடு. "நிழலுக்குச் செடி வேணுங்க. நல்லதா பாத்து வேன்ல அனுப்பிடுங்க." நர்சரிக்காரரும், "நிழலுக்குத்தானே? கவலையே படாதீங்க," என்று சொல்லியிருக்கிறார்.

சாயங்காலம் வேன் வந்தது. உள்ளே வரிசையாக மரக்கன்றுகள். கன்று என்று மரியாதைக்குச் சொல்கிறேன், ஒவ்வொன்றும் மாமாவைவிட உயரம். வாதாமரம், புங்கை, தூங்குமூஞ்சி மரம்.

"என்னய்யா இது?" என்றார் மாமா.

"நிழலுக்குத்தானே சார் கேட்டீங்க?" என்றார் வேன் டிரைவர். "நாலு வருஷம் போகட்டும், தெருவே ஜில்லுனு இருக்கும்."

"ஐயோ, நிழல் எங்ககிட்ட வேணுங்கிற அளவுக்கு இருக்குய்யா! நிழல்ல வளர்ற செடி வேணும்!"

"அதை அப்படிச் சொல்லணும் சார். நிழலுக்குன்னா மரந்தான்."

இவர் நிழலுக்கு என்று சொன்னது நிழலான இடத்துக்கு. அவர் கேட்டுக்கொண்டது நிழல் வேண்டும் என்பதற்கு. தமிழ் நடுவில் நின்று வேடிக்கை பார்த்தது. அந்த நேரம் பார்த்து அக்கா வேலை முடிந்து வந்தாள். சந்தைப் பார்த்தாள், தூங்குமூஞ்சி மரத்தைப் பார்த்தாள். "ஃப்ளாட்டே தேவல," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மாமா ஆடிப்போனார். மரங்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, கூட வேலை பார்ப்பவரிடம் தன் அழைப்புகளையெல்லாம் தள்ளிவிட்டுச் சந்துக்குள் இறங்கினார். அதன்பின் தினமும் சாயங்காலம் அவர் இருந்த இடம் அதுதான். குப்பையை அள்ளினார். களை தலை தூக்காதபடி தரையில் தடித்த விரிப்பைப் போட்டு, மேலே கூழாங்கல்லைக் கொட்டினார். நடக்க நடுவே பலகைக் கற்கள். சுவருக்கு வெள்ளைப் பெயின்ட். ஓரத்தில் வெயிலைக் கேட்காத ஜாதிகளாகப் பார்த்து வைத்தார்: பெரணி, பாம்புச்செடி, சுவரேற மணி பிளான்ட். தண்ணீருக்கு என்ன வழி என்று நான் மேலிருந்து சீண்டினேன். மனிதர் ஏசியிலிருந்து சொட்டும் குழாயை நீட்டி, அதில் ஊசித் துளைகள் போட்டு, செடிகளின் காலடியில் ஓடவிட்டார்.

"நாம ஏசி போட்டுத் தூங்கினா அதுங்க குடிச்சுக்கும், எப்படி?" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். எனக்கே கைதட்டத் தோன்றியது.

இதற்கிடையே நிமிடத்துக்கு ஒருமுறை ஜன்னலில் தலை நீட்டுவார். "ஏம்மா, இந்தப் பெரணி இங்க இருக்கட்டுமா, அங்க வைக்கட்டுமா?" அக்கா கட்டிலில் சாய்ந்தபடியே, "கொஞ்சம் இடது பக்கம்," என்பாள். சில நாள் அந்தப் பெரணி எங்கேயும் நகராது, பேச்சு மட்டும் ஓடும். ஒருநாள் டீ டம்ளர்கூட ஜன்னல் கம்பி வழியாகக் கைமாறியது.

மாசக் கடைசி நெருங்கியது. எல்லாம் சரி, வெளிச்சம்தான் போதவில்லை. மாமா ஒரு பழைய லிஃப்டைக் கழற்றிய இடத்திலிருந்து அதன் ஆளுயரக் கண்ணாடியைக் கேட்டு வாங்கிவந்து, ஜன்னலுக்கு நேர் எதிரே காம்பவுண்டுச் சுவரில் மாட்டினார். "சின்னப் பெட்டியையே பெருசாக் காட்டும், சந்தைக் காட்டாதா?" என்றார். அக்கா அன்று வீடு திரும்பியபோது இருட்டிவிட்டது. யாரும் அவளிடம் சொல்லவும் இல்லை.

விடிந்ததும் ஒரே அலறல்.

"யாருடி அவ! நம்ம சந்துல ஒரு பொம்பள நிக்கறா! தலையை விரிச்சுப் போட்டுக்கிட்டு என்னையே முறைக்கறா!"

நான் துணி வெட்டும் கத்திரிக்கோலோடு ஓடிவந்தேன். மாமா ஸ்பேனரோடு. தூக்கக் கலக்கத்தில் கண்ணாடி நினைப்பே எங்கள் இருவருக்கும் வரவில்லை. மூவரும் ஜன்னலில் எட்டிப் பார்த்தால் எதிரே ஒரு பரட்டைத்தலை, ஒரு கத்திரிக்கோல், ஒரு ஸ்பேனர். சுற்றிலும் பெரணி. அக்காவுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. பிறகு சிரித்தாள் பாருங்கள், சந்துக்குப் போய்க் கூழாங்கல்லிலேயே உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மாமா மெல்லக் கேட்டார்.

"அப்ப பில்டருக்கு என்ன சொல்லப் போற?"

"வேண்டாம்னு நேத்தே சொல்லிட்டேன்."

"கண்ணாடியைப் பாக்கறதுக்கு முன்னாடியேவா? ஏன்?"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு வானமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாங்க. லிஃப்ட் எங்க இருக்கோ அங்கதான் நீங்க இருக்கீங்க. லிஃப்ட் இருக்கிற கட்டடத்துக்கே குடிபோனா, அந்தச் சாக்குலயாவது வீட்டுப் பக்கம் இருப்பீங்கன்னு நெனச்சேன். இப்ப சந்துக்காகத் தினமும் சாயங்காலம் இருந்தீங்களே."

நான் கத்திரிக்கோலைக் கீழே வைத்தேன். மாமா கையிலிருந்த ஸ்பேனரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சந்து முடிஞ்சுபோச்சு," என்றாள் அக்கா. "அழகா இருக்கு. இனிமே யாரும் எதுவும் செய்ய வேண்டாம். அதான் கொஞ்சம் கஷ்டமா இருக்கு."

மாமா அதற்குமேல் நிற்கவில்லை. என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு நேராக நர்சரிக்கு விட்டார். நர்சரிக்காரர் அவரைப் பார்த்ததும் எழுந்து, "சொல்லுங்க சார், மெயின்டனன்ஸ் இல்லாததா இன்னும் கொஞ்சம் வேணுமா?" என்றார்.

"வேண்டாம். இருக்கறதுலயே ரொம்பத் தொல்லை புடிச்ச செடி எது?" என்று கேட்டார் மாமா. "தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஆள் பாத்தே ஆகணும். ஒருநாள் வரலைன்னாலும் தலையைத் தொங்கப் போட்டுடணும். அந்த மாதிரி ஒண்ணு குடுங்க."