ஈர நெல்லுக்கு நடுவே பழ ஈக்கள்

"கண் முழுக்கச் சிவப்பு. வெள்ளைத் திட்டே இல்லை." பழ ஈக்களைப் பற்றித் தங்கை எழுதிய குறிப்பு. சரஸ்வதி பூசை கழிந்து பத்தாம் நாள் என்று இருக்கிறது, ஆண்டு இல்லை. எங்கள் தெருவுக்குச் செல்போன் வந்த புதிது என்பதால் இரண்டாயிரத்துக்குப் பிந்தியது என்று கணிக்கிறேன்.

தஞ்சாவூரில் அவள் ஆராய்ச்சி மாணவி. வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர், அவள் செய்துவந்த சோதனை பலித்தால் தன் ஆய்வகத்தில் இடம் தருவதாகச் சொல்லியிருந்தார். பூசை விடுமுறைக்குக் கல்லூரியைப் பூட்டியதால் பழ ஈப் புட்டிகளில் பாதியைத் திருவாரூர்ப் பக்கத்து எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஒப்பிடுவதற்கான மாறுதலற்ற ஈக்கள் விடுதியில் தோழியிடம் இருந்தன.

"ஊரெல்லாம் ஈயை வெரட்டுறாங்க, நீ டிக்கெட் எடுத்துக் கூட்டியாந்திருக்கே" என்றாள் அம்மா.

"ரெண்டு நாள்ல மெட்ராஸ் போயிட்டு வந்துர்றேன்மா. வெயில் படாம பாத்துக்க, போதும்."

அந்த ஈக்களிடம் கண்ணைச் சிவப்பாக்கும் மரபணு உண்டு. ஆனால் அது குரோமோசோமில் இறுக்கமாகச் சுருண்ட பகுதிக்கு அருகே இடம் மாறியிருந்தது. அங்கே ஒரு புரதம் அதை அடக்கிவிடும். புரதத்தின் ஒரு முனை, டி.என்.ஏ. சுற்றியிருக்கும் உருளையிலுள்ள வேதிக்குறியைப் பற்றும். மறுமுனை தன்னைப் போன்ற இன்னொன்றைப் பற்றும். இப்படிக் கைகோத்து நெருக்கும்போது மரபணு அழிவதில்லை, பேசாமலாகிறது. அது பேசாத இடங்களில் கண் வெளுத்திருக்கும். குறியைப் பற்றும் முனை பழுதானால் சிவப்பு திரும்பும் என்பது தங்கையின் எதிர்பார்ப்பு. பழுதான வகை முழுவதும் எங்கள் வீட்டில் இருந்தது, பழுதில்லாதது விடுதியில்.

சென்னையில் வேலை நீண்டு, ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் குறுவை நெல் மழையில் மாட்டியது. ஈரப்பதம் அதிகம் என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பிவிட்டார்கள். மூட்டைகளை உள்ளறையில் அடுக்கினோம்.

திரும்பியவள், அம்மா எடுத்துக் கொடுத்த புட்டிகளில் ஈக்களின் கண்களைப் பார்த்துக் குதித்தாள். மறுநாளே பிரவுசிங் சென்டருக்குப் போய்ப் பேராசிரியருக்கு எழுதிவிட்டாள்.

பிறகு மூட்டைகளைப் பிரித்தோம். நெல் முளைவிட்டிருந்தது, கை வைத்தால் சுட்டது.

"ஒன் புட்டியெல்லாம் இதுக்கு நடுவுலதான் வச்சிருந்தேன்" என்றாள் அம்மா. "மழைக் குளுருக்கு அதுங்களுக்கும் கணகணன்னு இருக்கட்டுமேன்னு."

தங்கை மூட்டையிலிருந்து கையை எடுக்கவில்லை.

அம்மா முறம் எடுக்கப் போனதும், "என்னாச்சு?" என்றேன்.

"சூடுபட்டு வளந்தா, புரதம் நல்லா இருந்தாலும் கண்ணு செவக்கும்ணே."

அம்மாவிடம் அவள் எதுவும் சொல்லவில்லை. மறுபடி செய்து பார்க்கலாமென்றால் அதற்குள் புட்டிகளில் பூஞ்சை ஏறி ஈக்கள் செத்திருந்தன. நடந்ததைப் பேராசிரியருக்கு எழுதினாள். மரியாதையான பதில் வந்தது, இடம் வரவில்லை. அடுத்த ஆண்டு ஷார்ஜாவில் பள்ளி ஆசிரியையாகப் போனாள். இப்போதும் அங்கேதான்.

அந்தச் சிவப்பு நெல்லின் சூட்டால் வந்ததா, புரதத்தின் பழுதால் வந்ததா என்பதை அவளும் சோதிக்கவில்லை. வேறு யாரும் சோதித்ததாக நான் அறியேன். உறுதிசெய்யப்படாதது.