ஓவனுக்குள் செருப்பு

நெரிஸ் வரப்போகிறாள் என்று தெரிந்ததும் எம்லின் செய்த முதல் காரியம், மகளின் வீட்டுச் செருப்பை ஓவனுக்குள் தள்ளியதுதான். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோனவருக்கு, நாற்காலியை விட்டு எழாமல் கை எட்டிய ஒரே மறைவிடம் அது.

எலெரிக்கு இது தெரியாது. அவள் வழக்கம்போல் காலையிலேயே மேட்டுத் தெருவிலிருந்து இறங்கி வந்து அப்பாவை எழுப்பிக் குளிப்பாட்டியிருந்தாள். இரவு அவரைப் படுக்கவைத்துவிட்டுத்தான் வீடு திரும்புவாள். இதற்காகவே பேக்கரி வேலையை விட்டாள். அன்றிலிருந்து கைச்செலவுக்குக் கணவனிடம் கேட்க வேண்டியதாயிற்று. பஸ் ஓட்டும் ஹ்யூ நல்லவன், கேட்டால் கொடுப்பான். ஆனால் கேட்க வேண்டும். நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு அரசாங்கம் தரும் பராமரிப்புப் பணத்துக்கு விண்ணப்பித்தால் தன் பெயருக்கென்று கொஞ்சம் வரும். அதற்காகத்தான் உதவி மையத்திலிருந்து நெரிஸை வரச் சொல்லியிருந்தாள்.

மதியத்துக்கு, மாவுக்குள் இறைச்சி வைத்த பலகாரத்தைச் சூடாக்க, முதலில் காயட்டும் என்று ஓவனைத் திறக்காமலே போட்டுவிட்டு, நெரிஸுக்குக் கதவைத் திறக்கப் போனாள்.

"உங்களுக்கு யாரு சமைக்கிறாங்க, எம்லின்?" நெரிஸ் கோட்டைக் கழற்றியபடி கேட்டாள்.

"நானேதான்."

"குளிக்கிறது?"

"நானேதான். மலையேறச் சொன்னாலும் ஏறுவேன்."

"அப்பா, சட்டைப் பித்தானை நீயே போட்டுக் காட்டு பாக்கலாம்!"

"நீ சும்மா இரு புள்ள. இவ எப்பவாவது எட்டிப் பாப்பா, அவ்வளவுதான்."

அப்போது ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. எலெரி ஓடிப்போய் ஓவனைத் திறந்தாள். உள்ளே அவளுடைய செருப்பு அடித்தட்டோடு ஒட்டி உருகிக்கொண்டிருந்தது.

"எப்பவாவது எட்டிப் பாக்கறவ செருப்பு ஓவன்ல வேகுது" என்று நெரிஸ் சிரித்தாள். எம்லின் சிரிக்கவில்லை.

"கண்டுட்டீங்கல்ல? இனிமே என் பணத்தை நிறுத்திடுவீங்க."

"நான் ஆய்வாளர் இல்ல எம்லின். மக வந்து பாத்துக்கறதால எதுவும் நிக்காது. அவங்க அதுக்குப் பணம் வாங்கினாத்தான் நிக்கும்."

எலெரி நிமிர்ந்தாள். "எது நிக்கும்?"

நெரிஸின் சிரிப்பு போய்விட்டது. எம்லினுக்கு ஓய்வூதியத்தோடு ஒரு கூடுதல் தொகை வருகிறது. கடுமையான ஊனத்தோடு தனியாக வாழ்கிறவர்களுக்கு, அவர்களைப் பார்த்துக்கொள்ள யாரும் பராமரிப்புப் பணம் வாங்காதவரை, தரப்படுவது. எலெரி வாங்க ஆரம்பித்தால் அவருடைய கூடுதல் போய்விடும். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு.

"ராத்திரி கூட இருக்கேன்னு இங்கயே குடி வந்தா?"

"அப்பவும் போயிடும். அப்புறம் அவர் தனியா இல்லையே."

எலெரி கருகிய செருப்பைக் கத்தியால் சுரண்டினாள். அப்பாவின் கூடுதல் முழுதும் ஹீட்டருக்கே சரியாகப் போகிறது. குளிர்ந்தால் அவர் கால் மரத்துப்போகும். அது அவளுக்குத் தெரியாதா? தெரிந்தும், ஒரு கணம் தன் பெயரில் வரும் அந்தப் பணத்தை நினைத்துப் பார்த்தாள். அப்படி நினைத்ததற்கு ஏன் வெட்கப்பட வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டாள்.

'உன் பேரை எழுதச் சொல்லு புள்ள' என்று சொல்ல வந்தவர்போல எம்லின் மகளைப் பார்த்தார்.

"வேண்டாம் நெரிஸ், விண்ணப்பம் எழுதாதீங்க" என்றாள் எலெரி.

எம்லின் மூச்சை விட்டார். அது தனக்கே கேட்டுவிட்டதால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நெரிஸ் போனபிறகு இயங்குகிற இடதுகையால் ஒரு பண நோட்டை நீட்டினார்.

"புதுச் செருப்பு வாங்கிக்க புள்ள."

"ஹீட்டர் காசு அது. உள்ள வைப்பா."

இரவு அவரைப் படுக்கவைத்து, போர்வையைக் காலடியில் செருகிவிட்டு, மழையில் மேடேறி வீடு சேர்ந்தாள். ஹ்யூ சாக்ஸைக் காயப்போட்டுக்கொண்டிருந்தான்.

"ஹ்யூ, ஒரு பத்து பவுண்ட் வேணும்."

"இந்தா" என்று பர்ஸை எடுத்தான். கோபமில்லாமல், சும்மா கேட்டான்: "எதுக்கு?"