'லி' சேர்த்தால் மரியாதையா?

ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிற தொழிலில் எழுத்துப் பிழையைத் திருத்துவது சுலபம், உச்சரிப்பைத் திருத்துவது கஷ்டம், அட்ஜெக்டிவையும் அட்வெர்பையும் பிரித்துக் காட்டுவதுதான் ஆளைத் தின்கிற வேலை. ஒரு பெயரை விளக்கினால் அட்ஜெக்டிவ், ஒரு செயலை விளக்கினால் அட்வெர்ப். பாடம் இவ்வளவுதான். இதைப் பீளமேட்டில் ஒரு மாடி அறையில் பதினோரு வருடமாக நடத்திக்கொண்டிருக்கிறேன். தினமும் சாயந்திரம் ஒரு வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வகுப்பு. வருகிறவர்கள் எல்லோரும் வேலைக்குப் போகிற பெரியவர்கள். இந்த ஒரு பாடம் புரியாமல் யாரும் என் வகுப்பை விட்டுப் படியிறங்கக் கூடாது என்பது என் பிடிவாதம். அதே பிடிவாதத்தோடு எங்கெங்கோ சாக்பீஸ் பிடித்து நிற்கும் என் சக பாவப்பட்டவர்களே, நீங்களும் இதையெல்லாம் பட்டிருப்பீர்கள்.

பன்னிரண்டு பெண்கள்

பழனிசாமி பெருந்துறை தொழிற்பேட்டையில் ஒரு தையல் கம்பெனியில் சூப்பர்வைசர். ஞாயிறுதோறும் பஸ் பிடித்து வருவார். ஒரு ஞாயிறு வந்தபோது முகம் செத்துப்போயிருந்தது. அவருக்குக் கீழே வேலை செய்யும் பன்னிரண்டு பெண்களை நிரந்தரமாக்கச் சொல்லி, வடக்கேயிருந்து வந்த புது மேனேஜருக்கு அவரே ஆங்கிலத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். கடிதம் திரும்பி வந்துவிட்டது. வாங்கிப் பார்த்தேன். 'தே ஹார்ட்லி வொர்க்' என்று எழுதியிருந்தார். 'கடுமையாக உழைக்கிறார்கள்' என்று சொல்ல நினைத்திருக்கிறார். அதற்கு 'ஹார்ட்' போதும். 'ஹார்ட்லி' என்றால் 'வேலையே செய்வதில்லை' என்று ஆகிவிடும். மேனேஜர் அந்த வரிக்கு அடியில் சிவப்பு மையால் கோடிழுத்து, 'அப்புறம் எதற்கு நிரந்தரம்?' என்று கேட்டிருந்தார்.

நானே எழுதிக் கொடுத்திருந்தால் ஐந்து நிமிட வேலை. கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகும் உட்கார்ந்து, நான்கு முறை கிழித்துப்போட்டு, ஐந்தாவது முறை அந்தப் பன்னிரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு வரியாக எழுதினார். மறுநாள் காலையில் மேனேஜர் முன்னால் நின்று வாய்விட்டு வாசித்தாராம். பன்னிரண்டு பேரும் நிரந்தரமானார்கள். அடுத்த ஞாயிறு அதைச் சொல்ல வந்தவரிடம், "அதெல்லாம் சரிங்க, அந்த 'லி'யை எதுக்குங்க சேர்த்தீங்க?" என்று கேட்டேன். கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார்: "அது நம்ம 'ங்க' மாதிரி மரியாதைக்குச் சேக்கறதுன்னு நெனச்சுபோட்டேனுங்க மிஸ்!"

எங்கள் வாசல் பலகை

எங்கள் பயிற்சி மையத்தின் உரிமையாளர் தங்கமான மனிதர், ஆனால் விளம்பரத்தில் ஆசை அதிகம். ஒரு நாள் மாடிப்படிக்கு மேலே புது மஞ்சள் பலகை தொங்கியது: 'ஸ்பீக் இங்கிலீஷ் ஃபாஸ்ட்லி!' 'ஃபாஸ்ட்லி' என்று ஒரு சொல்லே கிடையாது, வேகமான வண்டிக்கும் 'ஃபாஸ்ட்'தான், வேகமாக ஓடுவதற்கும் 'ஃபாஸ்ட்'தான் என்றேன். "ஃபாஸ்ட்டுன்னா சும்மா வேகமுங்க மிஸ். ஃபாஸ்ட்லின்னா கூடுதல் வேகமுங்க" என்றார். மூன்று நாள் மன்றாடினேன். உள்ளே எதைத் தப்பு என்று அடிக்கிறேனோ அது வாசலில் ஆளுயரத்துக்குத் தொங்கினால் என்னை யார் நம்புவார்கள்?

நான்காம் நாள், அந்த 'லி'யை மறைக்க மஞ்சள் ஸ்டிக்கர் தாள் ஒன்று வாங்கிக்கொண்டு, சேலையை இழுத்துச் செருகி ஸ்டூலில் ஏறிவிட்டேன். காலேஜ் பசங்க பைக்கை நிறுத்தி வேடிக்கை பார்த்தார்கள். அதன் முதல் ஆங்கில எழுத்தின் மேல் ஒட்டி முடித்தபோது ஸ்டூல் ஆடுவது நின்றது. குனிந்து பார்த்தால், உரிமையாளர் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். சொன்னார்: "நீங்க உளுந்துபோட்டா கிளாஸ யாருங்க எடுக்கறது? எறங்குங்க மிஸ், மிச்சத்த நானே ஒட்டிப்போடறேன்."

காரமடைக் கேள்வி

என்னிடம் ஒரு சூத்திரம் இருந்தது. தமிழில் 'ஆன' வந்தால் அட்ஜெக்டிவ், 'ஆக' வந்தால் அட்வெர்ப், ஆங்கிலத்தில் பெரும்பாலும் அதற்கு ஒரு 'லி' சேரும். வேகமான வண்டி, வேகமாக ஓடுகிறது. பேச்சில் 'வேகமா' என்று தேய்ந்தாலும் அது அட்வெர்ப்தான். வகுப்பு வகுப்பாக இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

காரமடையில் கறிவேப்பிலை பயிரிடும் மல்லிகா, தன் இலையை வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும், அங்கே வாங்குகிறவரோடு தானே பேச வேண்டும் என்று சேர்ந்தவர். நான் சூத்திரத்தைச் சொல்லி முடித்ததும் எழுந்து நின்றார். "ஏனுங்க மிஸ், 'எலை பச்சையா இருக்குது'ன்னு சொல்றோமுங்களே, அதுலயும் 'ஆ' வருதுங்களே. அப்ப 'லீஃப் இஸ் க்ரீன்லி'ங்களா?" மொத்த வகுப்பும் என்னைத் திரும்பிப் பார்த்தது. பதினோரு வருடத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. "நாளைக்குச் சொல்றேனுங்க" என்றேன். அப்படிச் சொல்வது எவ்வளவு கசக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் சமையலறையிலேயே நோட்டை விரித்து மல்லுக்கட்டினேன். பச்சை என்பது இலையின் நிறம், 'இருக்குது' என்ற சொல் அந்த நிறத்தை இலையோடு சேர்த்து வைக்கிறது, அவ்வளவுதான். ஆகவே ஆங்கிலத்தில் அது 'க்ரீன்'தான். அதாவது, பின்னால் 'இருக்கு' வந்தால் தமிழின் 'ஆ'வை நம்பி 'லி' போடக் கூடாது. சாயந்திரம் வகுப்பில் முதல் வேலையாக, என் சூத்திரம் பாதிதான் சரி என்று ஒத்துக்கொண்டு, மீதிப் பாதியைப் பலகையில் எழுதினேன். மல்லிகா நிதானமாக எழுதிக்கொண்டு நிமிர்ந்தார்: "உங்கள மடக்கோணும்னு கேக்கலீங்க மிஸ், என்ற எலை பச்சைன்னு அந்த வெளிநாட்டுக்காரருகிட்ட நாஞ் சரியாச் சொல்லோணுமுங்க!"

நாற்காலியில் ஒரு காலமானவர்

திவ்யா ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வெளிநாட்டு வேலைக்கான ஆங்கிலத் தேர்வில், எழுத்துப் பகுதியில் இரண்டு முறை தோற்றுப்போய் என்னிடம் வந்தார். நோயாளியின் நிலைமையை விளக்கி டாக்டருக்குக் கடிதம் எழுத வேண்டும், அதுதான் தேர்வு. முதல் பயிற்சிக் கடிதத்திலேயே, 'லேட் மிஸ்டர் சுப்பிரமணியம் நாற்காலியில் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறார்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். லேட்டாக வந்த நோயாளி என்று சொல்ல வந்திருக்கிறார். "'வந்தார்'ங்கற சொல்லுக்குப் பக்கத்துல போட்டா அது அட்வெர்ப், தாமதம்னு அர்த்தம். பேருக்கு முன்னாடி போட்டா அட்ஜெக்டிவ், செத்துப்போனவர்னு அர்த்தம் திவ்யா" என்றேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. "போன ரெண்டு தடவையும் இப்படித்தான் எழுதினேனுங்க மிஸ்" என்றார். கண் நிறைந்துவிட்டது.

அன்றிலிருந்து நாற்பது நாள், நாளுக்கு ஒரு கடிதம். டூட்டி முடிந்து யூனிஃபார்மோடு நேரே வந்து உட்காருவார். ஒவ்வொரு விளக்கச் சொல்லிலிருந்தும் ஓர் அம்புக்குறி போட வேண்டும் என்பது என் கட்டளை. அம்பு ஆளைத் தொட்டால் அட்ஜெக்டிவ், செயலைத் தொட்டால் அட்வெர்ப். தலைவலியோடும் எழுதினார், காய்ச்சலோடும் எழுதினார். நான் "இன்னைக்கு விடு கண்ணு" என்றாலும் விடவில்லை. தேர்வு எழுதினார். ஒரு நாள் வகுப்பு நடுவே ரிசல்ட் போனில் வந்தது. தானே பார்க்கப் பயந்து போனை என் கையில் கொடுத்தார். தேறியிருந்தார். வகுப்பே எழுந்து நின்று கைதட்டியது. திவ்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "என்ற டூட்டில ஒருத்தரையும் கவனிக்காம உட்டதில்லீங்க மிஸ், பேப்பர்லதான் ரெண்டு தடவையும் ஆளக் கொன்னுபோட்டேன்!"

ஆள் எப்படிப்பட்டவர் என்று சொல்ல அட்ஜெக்டிவ் இருக்கிறது, அவர் எப்படிப் பாடுபடுகிறார் என்று சொல்ல அட்வெர்ப் இருக்கிறது, இரண்டையும் பிரித்துக் காட்ட வந்த வாத்தியார் படும் பாட்டைச் சொல்லத்தான் ஆங்கிலத்தில் இன்னும் ஒரு சொல்லும் அகப்படவில்லை.